கேரம் போர்டு மேல் ஒரு லேப்டாப்: வியாசர்பாடியில் ஓர் இலவசப் படிப்பின் நிகழ்வு ஆய்வு

வியாசர்பாடியில் என் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு கேரம் மன்றம் இருக்கிறது. பத்துக்குப் பதினைந்தடி அறை. மூன்று போர்டு, ஒவ்வொன்றுக்கும் மேலே தாழத் தொங்கும் பல்பு, சுவரில் அம்பேத்கர் படம், அதன் கீழே வரிசையாகக் கோப்பைகள். 2024 ஜூலையில் நடுப் போர்டின் மேல் ஒரு பெட்ஷீட்டை விரித்து, என் பழைய லேப்டாப்பை வைத்து, பைத்தான் என்ற கணினி மொழியை இலவசமாகப் படிக்கலாம் வாங்க என்று கூப்பிட்டேன். நோட்டில் 17 பேர் பெயர் எழுதினார்கள். அக்டோபர் கடைசியில் பரீட்சைக்குப் போனது 4 பேர். சான்றிதழ் வாங்கியது 3 பேர்.

நடுவில் என்ன ஆயிற்று என்பதுதான் இந்தக் கட்டுரை. பெயர்களை எழுதவில்லை. எங்கள் தெருவில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும்.

எதை நம்பி ஆரம்பித்தேன்

நான் பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் பாடம் நடத்துபவன். நான் கூப்பிட்ட அந்தப் பைத்தான் பாடம் என்பிடெல் என்ற இணையவழிக் கல்வித் திட்டத்தில் உள்ளது. என்பிடெல் எனக்குப் புதிதல்ல. ஏழு ஐஐடிகளும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003-இல் தொடங்கிய திட்டம் அது. ஒருங்கிணைப்பு நம்ம சென்னை ஐஐடியில்தான். முதலில் வெறும் வீடியோ பாடங்கள். 2014 முதல் வாராவாரம் அசைன்மென்ட், கடைசியில் நேரில் போய் எழுதும் தேர்வு, சான்றிதழ் என்று வளர்ந்தது. 2017-இல் மத்திய அரசின் ஸ்வயம் என்ற இணையக் கல்வித் தளம் வந்தபின் பதிவு அதன் வழியாக நடக்கிறது. படிக்கக் காசு கிடையாது. தேர்வு எழுதுவதானால்தான் ஒரு பாடத்துக்கு 1000 ரூபாய். எஸ்சி, எஸ்டி மாணவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் பாதி.

வியாசர்பாடியிலிருந்து ஐஐடி வாசலுக்குச் சுமார் 15 கிலோமீட்டர். எங்கள் தெருப் பிள்ளைகளில் பலர் அந்த வாசலைப் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. அந்த வகுப்பறை போனுக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது, வேறென்ன வேண்டும் என்றுதான் நினைத்தேன். முதல் நாள் பேச்சில் கொஞ்சம் அதிகமாகவே அளந்துவிட்டேன். ‘இதை முடிச்சா ஐடி கம்பெனி கதவு திறக்கும்’ என்றுகூடச் சொன்னதாக ஞாபகம். அதைச் சொல்லியிருக்கக் கூடாது.

இன்னொரு தப்பு, வகுப்பை ஞாயிறு காலை 10 மணிக்கு வைத்தது. அந்த நேரத்தில் பாதிப் பேர் கறிக்கடை வரிசையில் நிற்பார்கள், மீதிப் பேர் தூங்குவார்கள் என்று பிறந்து வளர்ந்த ஊரில் எனக்குத் தெரியாமல் போயிற்று பாருங்கள்.

பதிவிலேயே மூன்று பேர்

17 பேரில் மூன்று பேர் முதல் பாடத்தைக்கூடப் பார்க்கவில்லை. ஸ்வயத்தில் நுழைய மின்னஞ்சல் வேண்டும். பிள்ளைகளுக்கு மின்னஞ்சல் உண்டு, பாஸ்வேர்டு கிடையாது. போன் வாங்கிய கடைக்காரர் போட்டுக் கொடுத்த கணக்கு அது. மீட்கலாம் என்றால் ஓடிபி பழைய சிம்முக்குப் போகிறது; அந்த சிம் எப்போதோ மாறிவிட்டது. ஒரு பையனுக்காக ஒன்றேகால் மணி நேரம் போராடினோம். கடைசியில் ‘அடுத்த வாட்டி பாத்துக்கலாம் சார்’ என்று அவனே என் தோளைத் தட்டிவிட்டுப் பக்கத்து போர்டில் போய் உட்கார்ந்தான்.

வாசலிலேயே திரும்பிப் போகிறவர்களை யாரும் எண்ணுவதில்லை. எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் முடித்தார்கள் என்ற கணக்கே பதிவுக்குப் பிறகுதான் தொடங்குகிறது.

போனில் பைத்தான்

மிச்சம் 14 பேர். லேப்டாப் இருந்தது மூன்று பேரிடம். அதில் ஒன்று, அண்ணனுக்குப் பள்ளியில் அரசு கொடுத்த இலவச லேப்டாப். பேட்டரி செத்துவிட்டதால் எப்போதும் பிளக்கில் இருக்க வேண்டும். மற்றவர்கள் எல்லாம் போன்தான்.

போனில் வீடியோ பார்ப்பது ஒன்று, போனில் புரோகிராம் எழுதுவது வேறு. டெலிவரி வேலை பார்க்கும் தம்பி ஒருவர், வயது 24. ஆர்டருக்காகக் காத்திருக்கும் நேரத்தில் பெரம்பூரில் ஏதாவது ஓட்டல் வாசலில் வண்டி மேல் உட்கார்ந்தபடியே ஒன்றரை மடங்கு வேகத்தில் பாடம் கேட்டுவிடுவார். புரியவும் செய்தது. ஆனால் எழுதினால் பிழை. மூன்றாவது வாரம் போனை என்னிடம் நீட்டி, ‘இன்னா சார் இது, வீடியோல அவரு பண்ண மாதிரியேதான் பண்றேன்’ என்றார். பார்த்தேன். வரியின் முதல் எழுத்தை போன் தானாகவே பெரிய எழுத்தாக்கியிருந்தது. ‘பிரின்ட்’ என்பதில் முதல் எழுத்து பெரியதாக இருந்தால் பைத்தானுக்கு அது வேறு சொல். அதைச் சரிசெய்தோம். அடுத்து இன்டென்டேஷன் எரர். பைத்தானில் உள்வரிகளை இடம் விட்டுத் தள்ளி எழுத வேண்டும். நாலு இடம் என்றால் எல்லா உள்வரிக்கும் நாலு. லேப்டாப்பில் டேப் ஒரு தட்டு. கீறல் விழுந்த போன் திரையில் கட்டைவிரலால் நாலு தட்டு, ஒன்று பதியாமல் போகும், மூன்றாகிவிடும். மூன்றா நாலா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

பாடம் அவருக்குப் புரிந்தது. பாடத்தைச் செய்து பார்க்க ஒரு கீபோர்டு இல்லை. ஐந்தாவது வாரம் வரை வந்தார். அப்புறம் பண்டிகைக் காலம் வந்தது, ஆர்டருக்கு இன்சென்டிவ் ஏறியது. அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஒன்பதாவது காய் எங்கே

மொழியைப் பற்றிச் சொல்ல வேண்டும். வீடியோவில் பேசும் ஆங்கிலம் பெரிய தடையாக இருக்கும் என்று பயந்தேன். இல்லை. நிறுத்தி நிறுத்திக் கேட்கலாம், நடுவில் நான் தமிழில் சொல்வேன். லூப், அதாவது ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் பாடத்தைக் கேரம் காயை வைத்தே நடத்தினேன். கறுப்பு 9 காய், ஒவ்வொன்றாகப் பாக்கெட்டில் போடுவதுபோல ஒரு புரோகிராம். ஒன்றிலிருந்து ஒன்பது வரை எண்ண, ரேஞ்ச் 1, 9 என்று ஒருவன் எழுதினான். திரையில் 8-உடன் நின்றுவிட்டது. ‘ஒன்பதாவது காய் எங்கடா?’ என்று அறையே கத்தியது. பக்கத்து போர்டில் ஆடிக்கொண்டிருந்தவர்கள்கூட ஆட்டத்தை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தார்கள். ரேஞ்சில் கடைசி எண் கணக்கில் வராது, 10 என்று கொடுத்தால்தான் 9 வரும். அன்றைக்கு அதைப் பார்த்தவன் இனி மறக்க மாட்டான்.

தடை வேறு இடத்தில் இருந்தது: கேள்வித்தாளின் ஆங்கிலத்தில். ‘பின்வருவனவற்றில் எது சரியில்லை’ என்ற வகைக் கேள்விகள். அந்த ‘இல்லை’ கண்ணில் படாது. சரியான விடையைத் தேடிக் கண்டுபிடித்து, அதைத் தட்டி, பூஜ்யம் வாங்குவார்கள். பைத்தான் தெரிந்தும் மதிப்பெண் போகிறது. நாலாவது வாரம் அசைன்மென்ட் போட்டது ஏழு பேர். நின்றுபோன ஏழு பேரில் குறைந்தது மூன்று பேர், ‘நமக்கு இது வராது’ என்ற முடிவுக்கு வந்தது இந்த மாதிரிக் கேள்விகளால்தான் என்று நினைக்கிறேன்.

தமிழில் ஒன்றும் இல்லை என்றும் சொல்ல முடியாது. தமிழ் இணையப் பல்கலைக்கழகம் 2001-லேயே வந்துவிட்டது. இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம் என்ற பெயரில் கோட்டூர்புரத்தில் இருக்கிறது. பம்பாய் ஐஐடியின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டத்தில் கட்டற்ற மென்பொருள்களுக்கான குட்டிப் பாடங்கள் தமிழ்க் குரலிலேயே கிடைக்கின்றன. யாரும் நகலெடுக்கலாம், மாற்றலாம், வேறு மொழியில் பேசிப் பதிவுசெய்யலாம் என்ற திறந்த உரிமத்தில் அவற்றை வெளியிட்டிருக்கிறார்கள். ‘திறந்த கல்வி’ என்பதற்கு என் வரையில் இதுதான் அர்த்தம். காசு கேட்காதது மட்டும் திறந்தது ஆகிவிடாது.

அந்தத் தமிழ்க் குரல் எனக்கு ஒரு பாடம் சொல்லித் தந்தது. மின்ட் தெருப் பக்கம் மொத்தக் கடை ஒன்றில் கணக்கு எழுதும் அக்கா ஒருவர் எங்கள் வகுப்பில் சேர்ந்திருந்தார். மூன்று ஞாயிறு வந்தார், அப்புறம் காணோம். நோட்டில் அவர் பெயருக்கு நேராகக் கோடு போட்டேன். இரண்டு மாதம் கழித்து மார்க்கெட்டில் பார்த்தபோது சிரித்துக்கொண்டே சொன்னார்: ‘பைத்தான்லாம் எனக்கு எதுக்கு சார்? நீங்க அன்னிக்குக் காட்டுன தமிழ் வீடியோல கால்க் மட்டும் பாத்துக்கிட்டேன். ஸ்டாக் கணக்கு இப்ப ஷீட்லதான்.’ லிபர் ஆபீஸ் கால்க், கணக்குப் போடும் அட்டவணை மென்பொருள். வேண்டியதை எடுத்துக்கொண்டு போய்விட்டார். என் நோட்டில் அவர் பாதியில் நின்றவர்.

அமெரிக்கக் கணக்கும் எங்கள் கணக்கும்

இந்த இடத்தில் வெளிநாட்டுக் கதையைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். 2001-இல் எம்ஐடி தன் பாடங்களை இணையத்தில் எல்லோருக்கும் திறந்து வைக்கப்போவதாக அறிவித்தது. 2011-இல் ஸ்டான்ஃபோர்டின் செயற்கை நுண்ணறிவுப் பாடத்துக்கு ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் பதிந்தார்கள். 2012-இல் கோர்செரா, எட்எக்ஸ் என்ற இணையப் பாடத் தளங்கள் வந்தன. யார் வேண்டுமானாலும் சேரக்கூடிய இப்படிப்பட்ட பெரிய இணையப் பாடங்களுக்கு ‘மூக்’ என்று பெயர்; அந்த வருடத்தை ‘மூக் ஆண்டு’ என்றே நியூயார்க் டைம்ஸ் எழுதியது. பல்கலைக்கழகங்களே மூடிவிடும் என்ற அளவுக்குப் பேச்சு போனது.

அப்புறம் கணக்கு வந்தது. கோர்செராவில் தன் பாடங்களைப் படித்தவர்களைப் பென்சில்வேனியா பல்கலைக்கழகம் 2013-இல் ஆராய்ந்தபோது, 80 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் ஏற்கெனவே பட்டம் பெற்றவர்கள். எட்எக்ஸில் ஹார்வர்டும் எம்ஐடியும் நடத்திய பாடங்களின் தரவுகளை ஜஸ்டின் ரீச்சும் ஹோசே ருய்பெரெஸ்-வாலியென்டேயும் 2019-இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளியிட்டார்கள். 2017-18-இல் சேர்ந்தவர்களில் முடித்தவர்கள் 3.13 சதவீதம். சான்றிதழுக்குப் பணம் கட்டியவர்களை மட்டும் தனியே பார்த்தால் 46 சதவீதம்.

17-க்கு 3 என்றால் நூற்றுக்குக் கிட்டத்தட்டப் பதினெட்டு. ‘ஹார்வர்டைவிட நாம தேவலாம் மாஸ்டர்’ என்று மன்றத்துக் கேரம் மாஸ்டரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. ‘சார், ரெட்டு போட்டா ஆச்சா? ஃபாலோ போட வேணாமா?’ என்றார். கேரம் ஆடியவர்களுக்குத் தெரியும். சிவப்புக் காயைப் பாக்கெட்டில் போட்ட கையோடு இன்னொரு காயையும் போட்டால்தான் சிவப்பு நம் கணக்கு. இல்லையென்றால் திரும்ப நடுவில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

இன்னொரு தற்செயல். லாப நோக்கில்லாமல் தொடங்கிய எட்எக்ஸ் 2021-இல் 80 கோடி டாலருக்கு 2யூ என்ற நிறுவனத்திடம் போனது. நாங்கள் பெட்ஷீட் விரித்த அதே 2024 ஜூலையில் அந்த நிறுவனம் திவால் பாதுகாப்பு கேட்டு மனு போட்டது. என்பிடெல் அரசுப் பணத்தில் ஓடுவதன் அருமை அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. அசட்டையான ஒளியமைப்பும் கரும்பலகைச் சத்தமுமாகப் பழைய வீடியோக்கள் சில இருக்கலாம். ஆனால் யாரும் வந்து பூட்டிக்கொண்டு போகவில்லை.

25-க்கு 25 வாங்கிய பெண்

எங்கள் குழுவில் நிச்சயம் பாஸாவார் என்று எல்லோரும் எதிர்பார்த்தது ஒரு தனியார் பொறியியல் கல்லூரி மூன்றாமாண்டு மாணவியை. அவர் விரும்பிச் சேரவில்லை. கல்லூரியில் என்பிடெல் சான்றிதழ் ஒன்றாவது கட்டாயம் என்று சொல்லியிருந்தார்கள். முதல் வாரத்திலிருந்து அசைன்மென்ட்டில் அவர் முழு மதிப்பெண். எனக்கு ஒரே பெருமை.

பிறகுதான் தெரிந்தது. யூடியூபிலும் டெலிகிராமிலும் ‘இந்த வார விடைகள்’ என்று புதன்கிழமைக்கு முன்பே வந்துவிடுகிறது. அசைன்மென்ட்டுக்குக் கெடு புதன் நள்ளிரவு. செவ்வாய் இரவு விடையைப் பார்த்து ஐந்து நிமிடத்தில் தட்டிவிடலாம். ‘கிளாஸ்ல எல்லாரும் அப்படித்தான் சார் போடுறாங்க’ என்றார், ஒளிக்காமல்.

மதிப்பெண் முறை இது: 12 வாரப் பாடத்தில் சிறந்த 8 அசைன்மென்ட்டின் சராசரிக்கு 25, தேர்வுக்கு 75. தேர்ச்சி பெற அசைன்மென்ட்டில் 10-உம் தேர்வில் 30-உம் தனித்தனியே எடுக்க வேண்டும். அந்தப் பெண் அசைன்மென்ட்டில் 25-க்கு 25. தேர்வில் 27. கூட்டினால் 52, ஆனால் சான்றிதழ் இல்லை.

அழுதார். நான் என்ன சொல்வது? நேரில் வைக்கும் தேர்வு ஒன்று இருப்பதால்தான் அந்தச் சான்றிதழுக்கு மதிப்பு. எல்லாமே வீட்டிலிருந்து தட்டுவதாக இருந்தால் டெலிகிராம்தான் பாஸாகும். ஆனால் குற்றம் அந்தப் பெண்ணிடம் தொடங்கவில்லை. யார் வேண்டுமானாலும் விரும்பினால் படிக்கலாம் என்று வைத்த ஒன்றைக் கட்டாயமாக்கும் கல்லூரிகள், அதைப் பிள்ளைகளின் வேறொரு அரியராக மாற்றிவிடுகின்றன. வாத்தியார் என்ற முறையில் இதில் எனக்கும் பங்கு உண்டு. எங்கள் பக்கத்திலும் எண்ணிக்கைதான் கேட்கிறார்கள்.

பாஸான மூன்று பேர்

பெரம்பூர் லோகோ பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் ஒருவர், வயது 63. பிள்ளைகள் ‘லோகோ தாத்தா’ என்பார்கள். எல்லா வகுப்புக்கும் வந்தார், நாற்பது பக்கம் கையால் நோட்ஸ் எடுத்தார், எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். 71 மதிப்பெண். 60-க்கு மேல் என்பதால் ‘எலைட்’ சான்றிதழ். பேத்திக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார். சந்தோஷம்தான், ஆனால் எனக்கு உள்ளே உறுத்தியது. யாருக்கு நேரமும் பென்ஷனும் இருந்ததோ அவருக்குத்தான் இலவசம் முழுசாக உதவியது.

மற்ற இருவர், அரசு கலைக் கல்லூரியில் கணிதம் படிக்கும் தோழிகள். அந்தப் பேட்டரி செத்த லேப்டாப் அவர்களில் ஒருத்தியின் அண்ணனுடையது. இருவரும் சேர்ந்தே வருவார்கள், சேர்ந்தே சண்டை போடுவார்கள். அக்டோபர் 15, செவ்வாய்க்கிழமை. சென்னைக்கு ரெட் அலர்ட், வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களை நிறுத்திவைத்த மழை. எங்கள் பக்கம் தெருவில் முழங்கால் தண்ணீர், கரண்ட் இல்லை. பிளக் இல்லாமல் அந்த லேப்டாப் எழுந்திருக்காது. மறுநாள் கெடு. ஒருத்தி தண்ணீரில் நடந்து மற்றவள் வீட்டுக்குப் போய், ஒரே போனில், ஒரே ஹாட்ஸ்பாட்டில், இருவர் கணக்கிலும் மாற்றி மாற்றி நுழைந்து அசைன்மென்ட்டைப் போட்டிருக்கிறார்கள். அவர்களுக்கு ஏற்கெனவே எட்டுக்கும் மேற்பட்ட அசைன்மென்ட்டில் நல்ல மதிப்பெண் இருந்தது. அந்த வாரம் விட்டிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. ‘அவ போட்டுட்டு நான் போடலன்னா?’ என்றாள் ஒருத்தி. அவ்வளவுதான் காரணம்.

இரண்டாவது ஆட்டம்

2025 ஜனவரியில் திரும்பத் தொடங்கினோம். இந்த முறை நான் பேச்சைக் குறைத்தேன், மாஸ்டர் பேசினார். அவர் இருபது வருடமாகப் பிள்ளைகளுக்குக் காசு வாங்காமல் கேரம் சொல்லித் தருபவர். அவரிடம் வரும் பிள்ளை நாலு நாள் வராவிட்டால் ஐந்தாம் நாள் வீட்டு வாசலில் போய் நிற்பார்.

ஞாயிறு காலையை விட்டோம். கேரம் பயிற்சி முடிந்து செவ்வாய் இரவு எட்டரை. மறுநாள் கெடு என்பதால் கையோடு போட்டுவிடலாம். பதிவுக்கென்றே ஒரு மாலை ஒதுக்கி, எல்லோருக்கும் புது மின்னஞ்சல், பாஸ்வேர்டு மன்ற நோட்டில். (பாதுகாப்பு நிபுணர்கள் மன்னிக்கவும்.) பழைய புளூடூத் கீபோர்டு நாலு கிடைத்தது, போனோடு இணைத்தோம். ஒரே ஒரு விதி: கேள்வியைத் தமிழில் சொன்ன பிறகுதான் விடையைத் தொட வேண்டும். ‘எது சரியில்லைன்னு கேக்குறான்’ என்று ஒருவன் சொன்னால் போதும், மற்றவர்கள் விழித்துக்கொள்வார்கள்.

கட்டணத்துக்கும் மாஸ்டர்தான் வழி சொன்னார். பரீட்சைப் பதிவை முதலிலேயே செய்துவிடுவது, மன்றத்துப் பணத்திலிருந்து 1000 ரூபாய் முன்பணம், வாரம் 100 வீதம் பத்து வாரத்தில் அடைப்பது. பணம் போட்டால் ஆள் வருவான் என்பது ரீச் கட்டுரையைப் படிக்காமலே அவருக்குத் தெரிந்திருந்தது.

9 பேர் சேர்ந்தார்கள். 6 பேர் தேர்வு எழுதினார்கள். 5 பேர் பாஸ், அதில் 27 வாங்கிய பொறியியல் மாணவியும் ஒருவர். என் கல்லூரியில் இதைச் சொன்னபோது, ‘அதென்ன ஃபார்முலா, எழுதிக் கொடுங்க’ என்றார்கள்.

எழுதிக் கொடுக்கவில்லை. காரணம் ஒரு பையன். பிளஸ் டூ முடித்துவிட்டு ஒரு குடோனில் பேக்கிங் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவன். மன்றத்தில் அவனைப்போல ரெட்டும் ஃபாலோவும் போடுபவர்கள் இரண்டு மூன்று பேர்தான். பைத்தானும் நன்றாக வந்தது. மூன்று வாரம் 100 கட்டினான். நாலாவது வாரம் குடோனில் ஆள் குறைத்தார்கள். அந்தச் செவ்வாய் வரவில்லை. அடுத்த செவ்வாயும் வரவில்லை. மாஸ்டர் வழக்கம்போல வாசலில் போய் நின்றார். ‘வெளிய போயிருக்கான்’ என்றார்கள். அவன் செருப்பு படியில் கிடந்தது.

பணம் ஒரு பெரிய விஷயமா, யாரும் கேட்கவில்லையே என்று நான் சொல்லி அனுப்பினேன். அது இன்னும் தப்பாகப் போயிற்று. முன்பெல்லாம் மன்றத்தில் அவன் யாருக்கும் கடன்காரன் இல்லை.

நோட்டில் அவன் பெயருக்கு எதிரே இருந்த 700-ஐ மாஸ்டர் அடித்துவிட்டார். பெயரை அடிக்கவில்லை. வெள்ளிக்கிழமை டபுள்ஸுக்கு அந்த போர்டில் இன்னும் மூன்று பேர்தான் உட்காருகிறார்கள்.